திலகத்தின் முந்நூறு கப்பல்கள்

இரண்டாம் உலகப் போரில் இந்து சமுத்திரத்தில் முந்நூறு கப்பல்கள் மூழ்காமல் தப்பியதற்குத் தான் ஒருத்திதான் காரணம் என்று திலகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓட்ஸ் கஞ்சி வருவதற்கு முன்பாக அறிவித்தார். அவர் துவக்கைத் தொட்டதில்லை, சுட்டதில்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீச்சலும் தெரியாது. கொழும்பில் ஓர் அறைக்குள், ஒரு கால் ஆடுகிற கதிரையில் இருந்தபடி, கட்டைப் பென்சில் ஒன்றால் முந்நூறையும் காப்பாற்றினாராம்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ப்ரீத்தி. கோயம்புத்தூரிலிருந்து மெல்பேர்னுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் டார்னெய்ட்டில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவள். இரத்த அழுத்தம் பார்க்க வந்தவள், பட்டையைத் திலகத்தின் கையில் சுற்றிக்கொண்டே சிரித்தாள்.

"முந்நூறுங்களா ஆன்ட்டி? ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிடலையே?"

"ஒண்டும் விடேல்லை. அமத்திப் பிடியாத பிள்ளை, கை நோகுது."

முதல் நாள் பின்னேரம் தொலைக்காட்சியில் நூற்றொரு வயது இங்கிலாந்துக்காரி ஒருத்தி, போர்க்காலத்தில் ரகசிய அலுவலகமொன்றில் தான் பார்த்த வேலையைப் பற்றி, சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். திலகம் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். பதினெட்டு வயதில், கொழும்பில் ஒரு கடற்படை அதிகாரிக்கு முன்னால், இங்கே நடப்பதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்து வைத்தவர் அவர். எண்பத்தொரு வருடம் மூச்சுவிடவில்லை. தாய்க்குச் சொல்லவில்லை, கூடப்பிறந்த அக்காவுக்குச் சொல்லவில்லை. வீட்டாருக்கு அவர் கொழும்பு கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கொம்பனியில் டைப் அடிக்கிற பெண். கலியாணம் செய்யாமல் இருந்ததற்குக்கூட, நித்திரையில் ரகசியத்தை உளறிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம் என்று இப்போது சொல்லத் தொடங்கினார். அது மட்டும் சுத்தப் பொய். வந்த மாப்பிள்ளைகள் ஒருவரையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அவள் கதைக்கலாமாம், நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சாகிறதோ?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தவர் பிறகு மூடவில்லை.

ஆனால் திலகத்திடம் ஒரு வியாதி இருந்தது. நேற்றுச் சொன்ன அளவில் இன்றும் சொன்னால் அவருக்கு நாக்கில் ருசி தட்டாது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டில் கப்பல்கள் நானூறு ஆயின. வெள்ளிக்கிழமை பொரித்த மீன் தட்டுக்கு வந்தபோது ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் சேர்ந்துகொண்டது. அதன் கப்டன் மேல்தளத்தில் நின்று, கொழும்பு இருந்த திசையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினாராம். தன்னுடைய தொண்ணூற்றொன்பது வயதே போதாதென்று கேட்கிறவர்களிடம் நூற்று இரண்டு என்று கூட்டிச் சொல்கிற மனிதருக்குக் கப்பல் எந்த மூலைக்கு?

ப்ரீத்தி கடமை தவறாதவள். அவ்வளவையும் தன் டேப்லெட்டில் பதிந்தாள். மூன்று நாளில் மூன்று எண்ணிக்கை. இல்லத்தின் நிர்வாகி வாசித்தார், புருவத்தைச் சுருக்கினார், சிறிதரனுக்குப் போன் செய்தார்.

சிறிதரன் திலகத்தின் அக்கா மகன். எழுபத்து மூன்று வயது. ஒரு டெலிபோன் கொம்பனியில் முப்பத்தாறு வருடம் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று, பக்கத்து ட்ருகனினாவில் வீட்டோடு இருப்பவர். பிள்ளைகுட்டி இல்லாத சின்னம்மாவின் கடதாசிகளில் எல்லாம் கையெழுத்து வைக்கிற உரிமை அவரிடம்தான் இருந்தது. சனிக்கிழமை விடியவே வந்து நின்றார்.

"சின்னம்மா, புளுகுக்கும் ஒரு அளவு வேணும்," என்றார் கதிரையில் இருக்கும் முன்பே.

"அளவு வைச்சால் அது புளுகே இல்லை, தம்பி."

"அப்ப புளுகு எண்டு ஒத்துக்கொள்ளுறியள்."

"கப்பலின்ர தொகையில கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். வேலை பாத்தது உண்மை."

"நீங்கள் தேயிலைக் கொம்பனியில டைப் அடிச்சனீங்கள். அம்மா சாகுமட்டும் சொன்னவா."

"நான்தான் அப்பிடிச் சொல்லி வைச்சனான். கொம்மாவுக்கு ஒரு விஷயம் சொன்னால் அது அடுத்த ரயிலில ஊருக்கு, சுன்னாகத்துக்குப் போய்ச் சேந்திடும்."

சிறிதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விரிவுரை வரப்போகிறது என்று அர்த்தம். "சின்னம்மா, செய்தித்தொடர்பு எனக்குச் சோறு போட்ட தொழில். ரகசியக் குறி, சிக்னல், எல்லாம் என்ன எண்டு எனக்குத் தெரியும். யுத்த காலத்தில அதைக் கொண்டுபோய்ப் பதினெட்டு வயசுப் பெட்டையளின்ர கையில குடுப்பாங்களோ?"

"பெட்டையளின்ர கையிலதான் குடுத்தவங்கள். ஆம்பிளையளிட்டப் பொறுமை எங்க கிடக்கு?"

"சரி, கேளுங்கோ." சிறிதரனின் குரல் இறங்கியது. "ரெண்டு கிழமையில ஒரு டொக்டர் வாறா, உங்களைப் பாக்க. அவ கேட்டால், 'கப்பல் கதை சும்மா பகிடிக்குச் சொன்னனான்' எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அவ்வளவும் போதும். இந்த அறை உங்களுக்குத்தான். சொல்லாட்டி உங்களைப் பின்பக்கம் மாத்தச் சொல்லுவினம். நானும் கையெழுத்து வைக்கவேண்டி வரும்."

பின்பக்கம் என்றால் என்ன என்று திலகத்துக்கு நன்றாகத் தெரியும். இல்லத்தின் கோடியில், மறதி முற்றியவர்களுக்கான பகுதி. கதவில் நம்பர் பூட்டு. உள்ளே போனவர் தானாக வெளியே வர முடியாது. சொந்தக் கேத்தலில் தேத்தண்ணி போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வியாழக்கிழமைப் பின்னேரங்களில் முன்கூடத்தில் நடக்கும் முந்நூற்றுநாலு சீட்டாட்டத்துக்கு வர முடியாது. போன குளிர்காலத்தில் சேர்ந்து ஆடிய நாலு பேரில் ஒருவரைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். அவருக்கு அதற்குப் பிறகு ஒருவரும் சீட்டுப் போடவில்லை. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அவர் ஒருநாள் திலகத்துக்குக் கைகாட்டினார். திலகம் அன்று முழுவதும் புளுகவில்லை.

"எண்பத்தொரு வருஷம் தேயிலை எண்டு பொய் சொன்னனான், சிறி," என்றார் திலகம். "அதுக்கு ஒருத்தரும் டொக்டரைக் கூப்பிடேல்லை. இப்ப உண்மையைச் சொல்லுறன், பொய் சொல்லு எண்டு நீ வந்து நிக்கிறாய்."

"உங்கட நன்மைக்குத்தான் சின்னம்மா."

"பகிடி எண்டு சொல்லமாட்டன்."

சிறிதரன் பெருமூச்சு விட்டு எழும்பினார். "யோசியுங்கோ. போட்டு வாறன்."

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை இரண்டு மணிக்கு டாக்டர் யாமினி வந்தாள். சென்னையில் படித்தவள், முதியவர்களின் மறதியை அளப்பதுதான் அவளுடைய வேலை. திலகத்துக்குக் கூச்சம் வேண்டாமென்று தனி அறைக்குக் கூப்பிடாமல், முன்கூடத்தின் மூலை மேசையிலேயே உட்கார்ந்தாள். சிறிதரன் பக்கத்தில் இருந்தார். ப்ரீத்தி குறிப்பெடுக்க நின்றாள். திலகத்தின் சீட்டாட்டக் கூட்டாளி கோபாலகிருஷ்ணன் இரண்டு மணி ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டோடு வந்தவர், நிலைமையைப் பார்த்துவிட்டுப் போக மனமில்லாமல் அடுத்த மேசையில் இருந்துகொண்டார். எண்பத்தாறு வயது, மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். முந்நூற்றுநாலைத் திலகத்திடம்தான் கற்றுக்கொண்டார்.

டாக்டர் திகதி கேட்டாள், கிழமை கேட்டாள். திலகம் சொன்னார். மணிக்கூடு ஒன்றை வரையச் சொன்னாள். திலகம் விநாடி முள்ளையும் சேர்த்து வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். சாதாரண மனிதர்கள் எண்பத்தாறிலேயே மூச்சு வாங்குவார்கள். திலகம் ரயில் போல இறங்கி இரண்டில் வந்து நின்று, "இதுக்குக் கீழயும் போகட்டோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"வேணாம், வேணாம்," என்று சிரித்தாள் யாமினி. "உங்க மெமரி என்னோடதைவிட நல்லா இருக்கு. ஆனா அம்மா... அந்தக் கப்பல் விஷயம்?"

சிறிதரன் மேசைக்கு அடியில் சின்னம்மாவின் காலை மெல்லத் தட்டினார்.

"என்ர காலை ஏன் மிதிக்கிறாய்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, திலகம் டாக்டரைப் பார்த்தார். "அது பகிடி இல்லை, டொக்டர். நடந்தது."

யாமினி பேனாவைக் கீழே வைத்தாள். "நான் நேரா சொல்லிடறேன்மா. மறதி இல்லாட்டியும், நடக்காத ஒண்ணை நடந்ததா உறுதியா நம்பறது, நாளுக்கு நாள் அது பெருசாகறது, அதுவும் ஒரு அறிகுறிதான். நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுது. ஆனா முதல்ல நான் என்ன வேலை பாத்தனான் எண்டு கேள், பிறகு எழுது." திலகம் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "கடற்படை ஒரு செய்தி அனுப்பேக்க, அதை முதல்ல இலக்கமா மாத்துவினம். ஐஞ்சு ஐஞ்சு இலக்கம். பிறகு ஒரு தாளில இருக்கிற வேற இலக்கங்களை அதோட கூட்டி அனுப்புவினம். வாங்கிறவனிட்டயும் அதே தாள் இருக்கும். அவன் கழிச்சுப் பாப்பான். நடுவில நிண்டு ஒட்டுக் கேக்கிறவனுக்கு ஒண்டும் விளங்காது. ஆனா தாளில இருக்கிற இலக்கம் முழுக்க முழுக்கத் தற்செயலா வந்ததா இருக்க வேணும். அதில ஒரு சின்னப் பழக்கம் தெரிஞ்சுது எண்டால், எதிரி அந்த நுனியைப் பிடிச்சு இழுத்து முழுச் செய்தியையும் உருவிப்போடுவான். அந்தத் தாளைச் செய்தது நாங்கள். பன்னிரண்டு பெட்டையள். பைக்குள்ள இலக்கம் போட்ட மரக்காய் பத்து, சைபரில இருந்து ஒன்பது வரைக்கும். ஒண்டை எடுக்கிறது, எழுதிறது, திருப்பிப் போடுறது, குலுக்கிறது, எடுக்கிறது. காலமை இருந்து பின்னேரம் வரைக்கும்."

"அதுக்கு மெஷின் இருந்தது," என்றார் சிறிதரன்.

"இருந்தது, லண்டனில. எங்களிட்ட மெஷின் வந்து சேர முந்தி யுத்தம் முடிஞ்சிடும் எண்டு எங்கட லெப்டினன்ட் சொன்னவர். கொஞ்ச நாளில என்னை எடுக்கிற வேலையில இருந்து பாக்கிற மேசைக்கு மாத்தினவை. தாளைப் பாத்து, இது பையில இருந்து வந்ததோ, அலுப்பில ஒருத்தி மண்டையில இருந்து எழுதினதோ எண்டு கண்டுபிடிக்கிறது என்ர வேலை. நம்பாட்டி இப்பவே சோதிச்சுப் பாருங்கோ."

யாமினி சிறிதரனைப் பார்த்தாள். சிறிதரனுக்குச் சோதனை என்ற சொல்லைக் கேட்டதுமே முதுகு நிமிர்ந்துவிட்டது. விதிகளை அவரே வகுத்தார். யாமினி, ப்ரீத்தி, சிறிதரன் மூவரும் மனம்போன போக்கில் ஆளுக்கு இருபது வரி எழுதுவது, வரிக்கு ஐந்து இலக்கம். நாலாவது தாளைக் கோபாலகிருஷ்ணன் எழுதுவார், ஆனால் மண்டையிலிருந்து அல்ல. இல்லத்தின் பிங்கோ பந்துகளில் ஒன்று முதல் பத்து வரை எடுத்து, பத்தைச் சைபராக வைத்துக்கொண்டு, பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து எழுதி, திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி, அடுத்ததை எடுப்பார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நாலையும் ப்ரீத்தி டைப் செய்து, கலக்கி, பெயரில்லாமல் அச்செடுத்துத் தர வேண்டும். அதுவரை திலகம் தன் அறையில் இருக்க வேண்டும்.

திலகம் தன் கேத்தலில் தேத்தண்ணி போட்டுக் குடித்தார். எண்பது வருடத்துக்குப் பிறகு கண் பிடிக்குமா என்று அவருக்கே தெரியாது. பிடிக்காவிட்டால் இந்தக் கேத்தல் இன்றோடு சரி.

திரும்பி வந்தபோது கூடத்தில் சீட்டாடாதவர்கள்கூடக் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். டார்னெய்ட்டே கடையை அடைத்துவிட்டு வந்து நின்றது போலத் திலகத்துக்குத் தோன்றியது. உண்மையில் பதினொரு பேர்.

நாலு தாளையும் மேசையில் பரப்பினார். பென்சில் கேட்டு வாங்கினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் இலக்கங்கள். பிறகு, இருட்டுக்குக் கண் பழகுவது போல, ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

"இது டொக்டரின்ர," என்று முதல் தாளைத் தள்ளினார். "நூறு இலக்கத்தில ஒரு இலக்கம்கூடத் தன்ர பக்கத்தில தானே நிக்கேல்லை. தற்செயல் எண்டால் ஒரு பத்து இடத்திலயாவது சோடி விழ வேணும். இது எல்லாருக்கும் சமமா மருந்து பிரிச்சுக் குடுக்கிற கை."

யாமினி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"இது ப்ரீத்தி. ஏழும் மூண்டும் அள்ளிக் கொட்டிக் கிடக்கு. இளம் பிள்ளையளுக்கு ஏழு எண்டால் ஒரு பைத்தியம்."

"அய்யோ, ஆமாங்க ஆன்ட்டி!"

"இது பை." மூன்றாவது தாளைப் பென்சிலால் தட்டினார். "நாலு, நாலு, நாலு எண்டு மூண்டு ஒண்டா நிக்குது. மனிசர் ஒருத்தரும் அப்பிடி எழுதத் துணியமாட்டினம். மற்றது சிறியின்ர. பெரிய இலக்கத்துக்குப் பிறகு சின்னது, சின்னதுக்குப் பிறகு பெரிசு. எல்லாம் தராசு பிடிச்ச மாதிரி."

நாலும் சரி. கோபாலகிருஷ்ணன் கைதட்டினார். பதினொரு பேரும் தட்டினார்கள். ஆனால் திலகம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. சிறிதரனின் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே போனார். பிறகு பையின் தாளிலும் அதே ஓரத்தில் மேலிருந்து கீழே போனார். நிமிர்ந்தபோது அவர் முகம் பதினெட்டு வயதுக்காரியின் முகமாக இருந்தது.

"சிறி, உனக்கு எட்டில பயமோ?"

"என்ன எட்டு?"

"இருபது வரி எழுதியிருக்கிறாய். நடுவில எட்டு வருது, கடைசியில வருது. ஒரு வரிகூட எட்டில தொடங்கேல்லை."

சிறிதரன் தாளை இழுத்துப் பார்த்தார். எட்டு சனியின் இலக்கம் என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட வகுப்பெடுக்கிற மனிதர் அவர். எட்டாம் நம்பர் வீடென்றால் நம் சனம் அரை விலைக்கும் வாங்காதே என்று ஊரெல்லாம் கேலி செய்தவர். இருபது வரியையும் இரண்டு தரம் பார்த்தார். காது சிவந்தது.

"அது... தற்செயல்."

"இருக்கலாம்," என்றார் திலகம், எல்லோரும் ஆச்சரியப்படும்படி. "இருபது வரியில ரெண்டு எட்டாவது முன்னால நிக்க வேணும். ஒண்டும் இல்லாமல் போறதும் நடக்கும், எட்டுத் தரத்துக்கு ஒரு தரம். அதை வைச்சு உன்னைக் குற்றம் சொல்லேலாது. ஆனா பையின்ர தாளிலயும் ஒண்டும் இல்லை." மெல்லத் திரும்பினார். "கோபால். எட்டு வந்தபோது எழுதாமல் பந்தைத் திருப்பிப் போட்டீரோ?"

கோபாலகிருஷ்ணன் கூரையில் இருந்த மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

"கோபால்."

"ரெண்டே ரெண்டு தடவைதான் லா, அக்கா!" என்று வெடித்தார் அவர். "எனக்கு எட்டு ஒண்ணும் செய்யாது. கிள்ளான்ல எங்க பக்கத்து வீட்டுச் சீனர் எட்டு நம்பருக்காகக் காரையே மாத்துவாரு. ஆனா இது உங்க விஷயம். உங்க ரூம் போகப் பாக்குது. முதல் வரியே சனியை வெச்சு ஆரம்பிச்சா நல்லா இருக்குமா? பந்தை உள்ள போட்டுட்டு வேற எடுத்தேன். அன்பாத்தான் செஞ்சேன்!"

கூடமே சிரித்தது. திலகம் சிரிக்கவில்லை.

"அதேதான், டொக்டர்," என்றார். "அப்பிடியே அதேதான் நடந்தது. கொழும்பில பாக்கிற மேசையில இருந்து ஒருநாள் தாளுகளின்ர தலையில நிக்கிற முதல் இலக்கத்தை மட்டும் எண்ணினன். ஒரு தாள்கூட எட்டில தொடங்கேல்லை. ஒருத்தியும் களவு செய்யேல்லை, ஒருத்தியும் அலுப்பில எழுதேல்லை. தாள் கடலுக்குப் போகுது, கப்பலில ஆரோ பெத்த பிள்ளையள் இருக்கினம், சனியை முன்னுக்கு வைச்சு அனுப்புறதோ எண்டு ஒவ்வொருத்தியும் தனித்தனியா, மற்றவளுக்குச் சொல்லாமல், அந்தக் காயை எழுதாமல் பையில திருப்பிப் போட்டிருக்கிறாள். இரக்கத்தில. அந்த இரக்கம் எதிரியின்ர கையில கிடைச்சிருந்தால்?"

"எத்தனை தாள்?" என்று கேட்டார் சிறிதரன். குரலில் கேலி இல்லை. ஏதோ படிவம் நிரப்புகிறவரின் குரல்.

"நானூற்றுப் பன்னிரண்டு. நாப்பத்தொரு எட்டு வந்திருக்க வேணும். வந்தது சைபர். அது தற்செயலா நடக்கிறதெண்டால் உலகம் தோன்றின நாளில இருந்து பையைக் குலுக்கினாலும் நாள் காணாது."

திலகம் தன் வாழ்நாளில் சொன்ன வசனங்களில், கேட்பதற்கு மிகப் பெரிய புளுகாக இருந்தும் கணக்குப்படி முழு உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

"எந்த மாசம்?"

"நாப்பத்து நாலு, ஓகஸ்ட்."

"தாளுகளை என்ன செய்தவை?"

"முற்றத்தில குவிச்சு எரிச்சவை. லெப்டினன்ட் குனிஞ்சு ஊதப்போய் அவற்ற தொப்பியும் பத்திக்கொண்டுது."

"எட்டின்ர விஷயம் உங்களுக்கு எப்பிடிப் பிடிபட்டது? வெள்ளைக்காரருக்குப் பிடிபடேல்லை. ஏன் முதல்ல தலையை எண்ணினீங்கள்?"

திலகம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நானும் திருப்பிப் போட்டனான்," என்றார். "எடுக்கிற வேலையில இருந்தனான் எண்டு சொன்னன்தானே. முதல் நாள், முதல் தாள், கையில வந்தது எட்டு. திருப்பிப் போட்டிட்டன். நான் செய்தால் மற்றவளும் செய்திருப்பாள்தானே எண்டு பிறகு ஒருநாள் மண்டையில தட்டிச்சு. அதுதான் எண்ணினன். லெப்டினன்ட்டிட்டப் போய் முதல் குற்றவாளி நான்தான் எண்டு சொன்னன். அவருக்குப் பிறகு இதை இண்டைக்குத்தான் வாய்விட்டுச் சொல்லுறன்."

யாமினி பேனாவை எடுத்தாள். எழுதிக்கொண்டே பேசினாள். "ஒரு விஷயம் கவனிச்சேன்மா. கப்பல்னு வந்தா நீங்க அள்ளி விடறீங்க. இலக்கம்னு வந்தா ஒண்ணுகூடக் கூட்டிச் சொல்லலை. உங்களுக்குச் சாதகமா இருந்தப்பகூட 'இது தற்செயலாவும் இருக்கலாம்'னு நீங்களே நிறுத்திட்டீங்க. கற்பனையை நம்பறவங்க அப்படி நிறுத்த மாட்டாங்க. உங்க ரூமை விட்டு உங்களை யாரும் மாத்தப் போறதில்லை. 'பெருமை பேசுவார், மற்றபடி நலம்'னு எழுதியிருக்கேன். சரிதானே?"

"பெருமை எண்டதுக்கு முன்னால 'மிகவும்' போடு, பிள்ளை."

கைதட்டல் இந்தத் தடவை பின்பக்கத்துக் கதவுவரை கேட்டது. ப்ரீத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கோபாலகிருஷ்ணன் சீட்டைக் குலுக்கத் தொடங்கினார். ஆனால் சிறிதரன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். விரிவுரை வரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார்.

"சின்னம்மா, நான் லண்டனில இருக்கிற ஆவணக் காப்பகத்துக்கு எழுதினனான். அண்டைக்கு உங்களோட சண்டை பிடிச்சிட்டுப் போய். அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு ஒரு கடிதம் வந்தால் டொக்டரிட்டக் குடுத்து விஷயத்தை முடிக்கலாம் எண்டுதான் எழுதினனான். பதில் இண்டைக்குக் காலமை ஈமெயிலில வந்தது. வாசிச்சனான். கைகால் ஓடேல்லை. ஆனா நீங்கள் இதைப் பாக்காமல் உங்கட வாயால என்ன சொல்லுறியள் எண்டு பாக்க வேணும் எண்டு வைச்சிருந்தனான்."

"பாத்தியோ, என்னையே வேவு பாத்திருக்கிறான்!" திலகத்துக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. "வாசி."

லெப்டினன்ட் அன்று ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையின் பிரதி அது; சிறிதரன் தமிழாக்கித் தட்டுத்தடுமாறி வாசித்தார். ஓகஸ்ட் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நான்கு. பரிசோதகர் மிஸ் திலகம் சபாபதி முறையிட்டபடி, நானூற்றுப் பன்னிரண்டு தாள்களில் எட்டு என்ற இலக்கம் ஒருமுறையும் முதலில் வரவில்லை. எண்ணிப் பார்த்தோம், உண்மை. அவர் தரும் காரணம் சோதிடம் சம்பந்தமானது. வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை. தாள்கள் கடலுக்குப் போகும் முன் எரிக்கப்பட்டன. புதிய தொப்பி ஒன்று கோரப்படுகிறது.

"தொப்பி!" என்று ப்ரீத்தி வாயைப் பொத்தினாள்.

"இனிமேல் இந்தப் பெண்ணின் மேசையைத் தாண்டாமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது," என்று கடைசிக்கு முந்திய வரியை வாசித்துவிட்டுச் சிறிதரன் நிறுத்தினார். "கடைசி வரி இது. 'தானும் முதல் நாள் அவ்வாறே செய்ததாக அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்.' இதை அவருக்குப் பிறகு ஒருத்தருக்கும் சொன்னதில்லை எண்டு இப்பத்தான் சொன்னீங்கள்."

"ஓம்."

"இதில கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, சின்னம்மா. ஒரு தோணிகூட இல்லை."

"கப்பலை விடு. மிச்சத்தைச் சொல்லு."

சிறிதரன் மெல்ல ஏதோ சொன்னார். திலகத்தின் காது அந்த இல்லத்திலேயே கூர்மையான காது. ஆனாலும் அவர் கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி? கோபாலுக்குக் கேக்கேல்லையாம்."

கோபாலகிருஷ்ணனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தும் அவர் இல்லை என்று தலையாட்டினார். சிறிதரன் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். முப்பத்தாறு வருடத்து அனுபவத்தையும் மூக்குக்கண்ணாடியையும் மேசையில் கழற்றி வைத்துவிட்டு, கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"நடந்தது, சின்னம்மா. நீங்கள் சொன்னபடியே நடந்தது."